1894ஆம் ஆண்டின் எகிப்து நூல்: படங்களுக்காகவே வாங்கலாம்

அடோல்வ் ஏர்மன் என்ற ஜேர்மன் அறிஞர் பண்டைய எகிப்தியரின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி எழுதி, 1894இல் இலண்டன் மக்மிலன் நிறுவனத்தார் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘லைஃப் இன் ஏன்சியன்ட் ஈஜிப்ட்’ என்னும் நூலின் முதற்பதிப்புப் பிரதியொன்று கடந்த மாசி மாதம், பெரும்போக வேளாண்மை வெட்டு நடந்துகொண்டிருந்த நாட்களில், என் கைக்கு வந்து சேர்ந்தது. மட்டக்களப்பில் நெடுங்காலம் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பிரமிட், மம்மி, நைல் நதியின் வெள்ளம் ஆகியவற்றுக்கு மேல் எகிப்தைப் பற்றிப் பேசப் பாடத்திட்டம் இடந்தரவில்லை. அந்த மக்கள் எப்படி உழுதார்கள், எதை நெய்தார்கள், கூலி கிடைக்காதபோது என்ன செய்தார்கள் என்று எந்த மாணவராவது கேட்டிருந்தால் அன்று என்னால் விடை சொல்லியிருக்க முடியாது. நானூறு படங்களைக் கொண்ட இந்த நூல் அந்தக் கேள்விகளுக்கே விடை தருகிறது. மூன்று மாதங்களாக அதைப் படித்தும், படங்களைப் பிறருக்குக் காட்டியும் பார்த்த பிறகு இம்மதிப்புரையை எழுதுகிறேன்.

ஏர்மன் 1854இல் பேர்லினில் பிறந்தவர். அந்நகரின் எகிப்திய அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். எகிப்திய மொழி காலந்தோறும் எவ்வாறு மாறியது என்பதை முதன்முதலில் ஒழுங்காகப் பிரித்துக் காட்டியவர். பிற்காலத்தில் எகிப்திய மொழிப் பேரகராதியைத் தொடக்கி வைத்து, ஹேர்மன் கிராப்போவுடன் சேர்ந்து 1926 முதல் அதை வெளியிட்டவர். இந்த நூலின் ஜேர்மன் மூலம் 1880களின் நடுப்பகுதியில் டூபிங்கன் நகரில் வெளிவந்தது. ஆங்கிலத்தில் பெயர்த்தவர் எச். எம். டிரார்ட் என்ற பெண்மணி. பிரெஞ்சு அறிஞர் சம்பொலியன் 1822இல் எகிப்திய எழுத்தின் புதிரை விடுவித்து அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னர் இந்நூல் எழுதப்பட்டது என்பதைக் கவனத்திற்கொள்ள வேண்டும். அதற்கு முன் எகிப்தைப் பற்றி எழுதிய ஐரோப்பியர் பெரும்பாலும் கிரேக்கர் சொன்ன கதைகளையே நம்பியிருந்தனர்; எகிப்தியர் தாங்களே எழுதி வைத்த கடிதங்கள், கணக்குகள், வழக்கு ஏடுகள் ஆகியவற்றிலிருந்து அவர்களுடைய வாழ்க்கையைக் கட்டியெழுப்ப ஏர்மனால் முடிந்தது. அரசர் வரலாற்றை ஓர் அத்தியாயத்தோடு முடித்துக்கொண்டு குடும்பம், வீடு, உடை, பொழுதுபோக்கு, வேளாண்மை, கைத்தொழில், வாணிபம் என்று இருபது அத்தியாயங்களாக நூலை வகுத்திருப்பது அவருடைய நோக்கத்தைத் தெளிவாகக் காட்டுகிறது.

படங்களைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். நானூறும் பெரும்பாலும் கோட்டோவியங்கள். தகடுகள் எனப்படும் முழுப்பக்கப் படத்தாள்கள் பன்னிரண்டு தனியாகச் சேர்க்கப்பட்டுள்ளன. கல்லறைச் சுவர்களில் வண்ணம் தீட்டியும் செதுக்கியும் வைத்த காட்சிகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர்கள் நேரில் நின்று படியெடுத்தார்கள். அந்தப் படிகளிலிருந்து ஏர்மன் தமக்கு வேண்டியவற்றைத் தெரிந்தெடுத்தார். பல படங்களின் கீழே ‘எல். டி.’ என்ற இரண்டு எழுத்துகளும் ஓர் எண்ணும் காணப்படுகின்றன. பிரசிய அரசரின் ஆணைப்படி 1842 முதல் 1845 வரை எகிப்திலும் அதன் தெற்கேயுள்ள நூபியாவிலும் பயணம் செய்த லெப்சியஸ் குழுவினர் வெளியிட்ட, 894 தகடுகள் கொண்ட ‘டெங்க்மேலர்’ என்னும் பெருந்தொகுப்பையே அவை குறிக்கின்றன. இதை அறியாமல் முதல் வாரம் முழுவதும் அவ்வெழுத்துகளைக் கடந்து சென்றேன். அறிந்த பின்னர் ஒவ்வொரு படமும் எந்தச் சுவரிலிருந்து வந்தது என்று தேடிப் பார்க்கும் ஆவல் பிறந்தது. அந்தச் சுவர்களிற் பல பின்னர் சிதைந்தும் களவாடப்பட்டும் போயின. ஆகவே இந்தக் கோடுகள் சில இடங்களில் மூலத்தைவிட முழுமையானவை.

எகிப்திய ஓவியத்தைப் படிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும். தூரத்தில் நிற்பவனைச் சிறிதாகவும் அருகில் நிற்பவனைப் பெரிதாகவும் வரைவது அவர்கள் முறையன்று. பெரியவன் என்றால் பதவியில் பெரியவன் என்றே பொருள். ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் வேலைகளைச் சுவரில் வரிவரியாக அடுக்கி வைப்பார்கள். சிற்பக்கலை அத்தியாயத்தில் ஏர்மன் இந்த ஒழுங்குகளை விளக்குகிறார். அந்த அத்தியாயம் பதினாறாவதாக வருவதால், முதலில் அதைப் படித்துவிட்டுப் பின்னர் தொடக்கத்துக்குத் திரும்புவது நல்லது என்பது என் அனுபவம்.

வேளாண்மை அத்தியாயத்தை நான் தனியாகப் படிக்கவில்லை. படுவான்கரையில், வவுணதீவுப் பக்கத்தில், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வயல் செய்த ஒரு பெரியவர் எங்கள் வீட்டுக்கு அரிசி கொண்டு வருவது வழக்கம். எழுபத்தெட்டு வயது. உழவுக் காட்சியுள்ள பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் நெடுநேரம் பார்த்தார். பிறகு மாட்டின் தலையில் விரலை வைத்து, “சேர், இவங்க நுகத்தக் கழுத்தில வைக்கல்ல. கொம்பிலெல்லா கட்டியிருக்காங்க. மாடு தலைய ஆட்டினா உழவு எப்பிடி நேரா வரும்?” என்றார். நான் அந்தப் படத்தை அதற்கு முன் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். அந்தக் குறுக்குமரம் கொம்பின் அடியில் கட்டப்பட்டிருப்பது என் கண்ணில் படவே இல்லை. அடுத்த பக்கத்தில் ஏர்மன் அதையே சொல்லியிருந்தார். திமில் கொண்ட நம் மாட்டுக்குக் கழுத்தில் நுகம் தங்கும்; அந்தப் பழைய படங்களிலுள்ள மாடுகளுக்குத் திமில் இல்லை. இதை எடுத்துச் சொன்னபோது பெரியவர் தலையசைத்தார். ஆனாலும் அந்த உழவன் மேழியை அழுத்திப் பிடித்திருக்கும் பிடியைப் பார்த்து, மண் நல்ல ஈரம் என்று தாமாகவே முடிவு செய்தார். வெள்ளம் வடிந்த கையோடு உழுவதுதான் நைல் கரை வழக்கம் என்பதால் அவர் சொன்னது சரியே.

அதற்கடுத்த படத்தில் விதைத்த நிலத்தின் மேல் செம்மறியாட்டுக் கூட்டத்தை ஓட்டுகிறார்கள். ஈர மண்ணில் விழுந்த விதையை ஆட்டின் குளம்பு மிதித்து அழுத்துகிறது. முன்னால் செல்பவன் ஒரு பிடி தீனியைக் காட்டி ஆடுகளை இழுத்துச் செல்கிறான், பின்னால் வருபவன் சாட்டையை ஓங்குகிறான். பெரும் பிரமிட்டுகள் கட்டப்பட்ட பழைய இராச்சியக் காலத்துக் கல்லறைகளில் இக்காட்சிக்கு மேலே ஒரு சிறு பாட்டு எழுதப்பட்டிருக்கிறது. மேய்ப்பன் தண்ணீருக்குள் மீன்களோடு நிற்கிறான், கெளிற்று மீனோடு பேசுகிறான், இன்னொரு மீனுக்கு நலம் சொல்கிறான் என்பது அதன் பொருள். ஏர்மன் இதை விட்டுவிடாமல் மொழிபெயர்த்துத் தந்திருக்கிறார். பொருளைப் பற்றி ஆய்வாளர்கள் பலவாறு எழுதியுள்ளனர். கல்லடி வாவியில் பூரணை இரவில் தோணியில் சென்று, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு அதன் காம்பில் காதை வைத்து மீன்பாட்டுக் கேட்ட ஊரில் பிறந்த எனக்கு, நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் சேற்று நீரில் நின்று மீனோடு பேசிய அந்த மேய்ப்பன் அந்நியனாகத் தோன்றவில்லை.

சூடு மிதிக்கும் படம் இன்னும் நெருக்கமானது. பழைய இராச்சியத்தில் கதிரை மிதிக்கக் கழுதைகளைப் பயன்படுத்தினார்கள், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பிந்திய புதிய இராச்சியத்தில் அந்த வேலை மாடுகளுக்கு வந்தது என்று படங்களை ஒப்பிட்டு ஏர்மன் நிறுவுகிறார். எல்காப் என்னும் இடத்திலுள்ள பஹேரியின் கல்லறையில், புதிய இராச்சியத்தின் 18ஆம் வம்சத்தைச் சேர்ந்தது அது, களத்தில் சுற்றிவரும் மாடுகளுக்கு மேலே ஓட்டுபவனின் பாட்டு எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. மாடுகளே, உங்களுக்காகவே மிதியுங்கள், வைக்கோல் உங்களுக்கு உணவு, தானியம் உங்கள் எசமானுக்கு, மனம் சோர வேண்டாம், இன்று வெயில் இல்லை என்று அவன் பாடுகிறான். இதை நான் தமிழில் வாசித்துக் காட்டியதும் பெரியவர் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, தம் தகப்பனாரோடு இரவில் களவெட்டியில் நின்ற நாட்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார். எருமைகளைப் பிணைத்து விட்டு, தூக்கம் வராமலிருக்க விடிய விடியப் பொலிப்பாட்டுப் பாடியதையும், களத்துக்குள் நெல்லை நெல் என்று சொல்லாமல் பொலி என்றே சொல்ல வேண்டியிருந்ததையும், மற்றப் பொருள்களுக்கும் களவெட்டிக்கென்றே வேறு சொற்கள் இருந்ததையும் அவர் சொன்னார். இயந்திரம் வந்து வயலிலேயே நெல்லைப் பிரித்து மூடையில் கட்டித் தரும் இன்றைய நிலையில் அந்தச் சொற்களை அறிந்தவர்கள் மிகச் சிலரே உள்ளனர். பஹேரியின் மாட்டுக்காரன் பாடியது கல்லில் இருப்பதால் நமக்குக் கிடைத்தது. நம்முடைய பொலிப்பாட்டு வாயிலிருந்து வாய்க்கே வந்தது. அந்தப் பெரியவர் பாடிய நான்கு அடிகளை அன்றே கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொண்டேன்.

அதே அத்தியாயத்தில், வளைந்த சிறு மரத்தட்டுகள் இரண்டைக் கையிலேந்தித் தானியத்தை உயரத் தூற்றும் பெண்கள் உள்ளனர்; சுளகுக்குப் பதில் அது. தானியக் குவியலின் பக்கத்தில் எழுதுகோலோடு கணக்கன் உட்கார்ந்திருக்கிறான். நீர் இறைக்க ஷாதூஃப் என்ற ஒரு பொறி உண்டு என்று நூல் வியப்போடு விளக்குகிறது. நம் கிணற்றடிகளில் நின்ற துலாவே அது, கால் மிதித்து ஏறும் வழக்கம் மட்டும் இல்லை.

கைத்தொழில் அத்தியாயத்தில் பெனி ஹசன் குன்றுக் கல்லறைகளிலிருந்து எடுத்த நெசவுப் படம் ஒன்று இருக்கிறது. பெண்கள் இருவர் தறியின் இருபுறமும் குந்தியிருக்கிறார்கள். முதற்பார்வையில் தறி சுவரில் செங்குத்தாக நிறுத்தப்பட்டது போலத் தோன்றும். உண்மையில் அது தரையில் முளையடித்துக் கிடையாகக் கட்டிய தறி; எகிப்திய ஓவியன் அதை மேலிருந்து பார்ப்பதாகவும், பெண்களைப் பக்கத்திலிருந்து பார்ப்பதாகவும் ஒரே படத்தில் வரைந்துவிட்டான். செங்குத்துத் தறி புதிய இராச்சியத்தில்தான் வருகிறது. மருதமுனையில் கைத்தறி நெய்யும் குடும்பமொன்றைச் சேர்ந்த என் பழைய மாணவி இந்தப் படத்தைப் பார்த்தபோது, பாவு நூல் இரண்டு கட்டைகளுக்கு இடையில் இழுத்துக் கட்டப்பட்டிருப்பதையும், ஒற்றை விட்டு ஒற்றை நூலைத் தூக்கும் தடியையும் ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடித்துச் சொன்னாள். கோடு அவ்வளவு துல்லியமானது.

யாழ் பற்றிய பகுதியை அம்பாறை மாவட்டத்தவர் கட்டாயம் படிக்க வேண்டும் என்பேன். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் பல ஆண்டுகள் உழைத்து 1947இல் வெளியிட்ட யாழ் நூலில், நம் முன்னோர் மீட்டிய வில்யாழ் முதலான நரம்புக் கருவிகளைக் கணக்கிட்டும் வரைந்தும் மீட்டெடுத்தார். வில் போல வளைந்த தண்டில் நரம்புகளைக் கட்டி, அடியில் பத்தர் என்னும் ஒலிப்பெட்டி வைத்த யாழ்கள் எகிப்தியக் கல்லறைச் சுவர்களிலும் விருந்துக் காட்சிகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. பெரும்பாலும் யாழ் மீட்டுபவர் தரையில் அமர்ந்திருப்பார், எதிரே ஒருவர் கையை உயர்த்திச் சுருதியோ தாளமோ காட்டுவார். அத்தகைய விருந்தில் பாடப்பட்ட அந்தெஃப் அரசரின் பாட்டையும் ஏர்மன் சேர்த்திருக்கிறார். மறுவுலகுக்குப் போனவர் எவரும் திரும்பி வந்து தம் நிலையைச் சொன்னதில்லை, ஆகவே உயிரோடிருக்கும் வரை உள்ளம் விரும்பியபடி வாழ் என்று அது பாடுகிறது. மரணத்துக்குப் பின் வாழ்வு உறுதி என்று இவ்வளவு பொருள் செலவழித்த ஒரு மக்களின் வீட்டிலேயே இந்தப் பாட்டும் பாடப்பட்டது என்பதை நூல் மறைக்கவில்லை. அதுவே எனக்கு அதன் மீது நம்பிக்கையைத் தந்தது.

கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்கள் தேடிப் பார்க்க வேண்டிய படம் ஒன்று உண்டு. பழைய, புதிய இராச்சியங்களுக்கு இடைப்பட்ட மத்திய இராச்சியக் காலப் பிரபுவான ஜெஹுதிஹோதெப் என்பவரின் 13 முழ உயரச் சிலையை, அதாவது ஏறத்தாழ 7 மீற்றர், சறுக்கு மரத்தின் மேல் வைத்து இழுத்துச் செல்கிறார்கள். 172 பேர் நான்கு வடங்களைப் பிடித்திருக்கிறார்கள். சிலையின் முழங்காலில் ஒருவன் ஏறி நின்று கைதட்டித் தாளம் கொடுக்கிறான். நாவலடியில் வலையிழுக்கும்போது அம்பா பாடுபவர் செய்யும் வேலை அது. சிலையின் பாதத்தருகில் நிற்பவன் சறுக்கு மரத்தின் முன்னே தண்ணீர் ஊற்றுகிறான். இந்தத் தண்ணீர் வெறுஞ் சடங்கென்று நெடுங்காலம் பலர் கருதினர். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் அளந்து பார்த்து, மணலை அளவாக நனைத்தால் இழுக்கும் விசை ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்று காட்டினர். நூலிலுள்ள படத்தில் குடத்திலிருந்து வழியும் நீர் சில மெல்லிய கோடுகளாகத்தான் தெரியும்; உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு பார்த்தால் தவறவிட மாட்டீர்கள்.

எழுத்தில் என்னை அதிகம் தொட்டது புதிய இராச்சிய ஆட்சிமுறை பற்றிய அத்தியாயத்தில் வரும் தொழிலாளர் போராட்டம். 3ஆம் ராம்சேஸ் மன்னனின் 29ஆம் ஆட்சியாண்டில், அரச கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்களுக்குக் கூலியாகத் தர வேண்டிய தானியம் வரவில்லை. மாதத்தில் பதினெட்டு நாட்கள் கடந்துவிட்டன, பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டு அவர்கள் கல்லறை நகரின் மதில்களைத் தாண்டி வெளியே வந்து கோயிலொன்றின் பின்புறம் அமர்ந்துகொண்டார்கள். உடுக்கத் துணியில்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, மரக்கறி இல்லை, மன்னருக்கு எழுதி அனுப்புங்கள் என்று அதிகாரிகளிடம் கேட்டார்கள். இன்று இத்தாலியின் தூரின் நகரில் இருக்கும் பப்பைரஸ் ஏட்டில் இது நாட்குறிப்பாக எழுதப்பட்டிருக்கிறது. ஏர்மன் இதை உணர்ச்சிச் சொற்கள் எதுவுமில்லாமல், நாளுக்கு நாள் நடந்தபடி தருகிறார். என் பாடத்தில் பிரமிட்டைக் கட்டியது யார் என்று கேட்டால் மன்னன் பெயரைச் சொல்லும் விடையையே நாங்கள் சரியென்று திருத்தினோம்.

நூலின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். 1894க்குப் பின் நடந்த அகழ்வுகள் எதுவும் இதில் இல்லை என்பது வெளிப்படை. நக்காடாவில் ஆங்கிலேய அகழ்வாய்வாளர் பீற்றி 1895இல் கண்டெடுத்த, மன்னராட்சிக்கு முற்பட்ட மக்களின் கல்லறைகள் இல்லை. 1922இல் திறக்கப்பட்ட துட்டன்காமூன் கல்லறை இல்லை. எனவே எகிப்திய நாகரிகம் எப்படித் தொடங்கியது என்ற கேள்விக்கு இந்த நூலில் விடை தேடுவது வீண். காலக்கணிப்பும் பழையது, ஆண்டுகளை இன்றைய நூலொன்றோடு ஒப்பிடாமல் மாணவர்களுக்குச் சொல்லக் கூடாது. பெயர்களின் எழுத்துப்பெயர்ப்பு இன்னொரு தொல்லை: இன்று செனுஸ்ரெத் என்று எல்லோரும் எழுதும் மன்னரை நூல் உசெர்ட்சென் என்றே அழைக்கிறது, அவர் இவர்தான் என்று நான் உணர்வதற்குள் ஒரு மாலைப்பொழுது கழிந்தது. மக்களின் தோற்றம், இயல்பு பற்றிய இரண்டாம் அத்தியாயத்தில் அக்கால ஐரோப்பியர் பிற மக்களைப் பார்த்த பார்வை படிந்திருக்கிறது. அதை எகிப்தைப் பற்றிய செய்தியாகக் கொள்ளாமல் அக்கால ஐரோப்பாவைப் பற்றிய செய்தியாகவே படித்தேன்.

சமயம் பற்றிய அத்தியாயத்தில் ஆசிரியருக்குப் பொறுமை குறைகிறது. எகிப்தியரின் தெய்வங்கள் ஒன்றோடொன்று கலப்பதும், பெயர் மாறுவதும், ஊருக்கு ஊர் வேறுபடுவதும் அவருக்குக் குழப்பமாகத் தெரிகிறது. ஊருக்கு ஒரு கண்ணகை அம்மன் கோயிலும், ஒவ்வொரு கோயிலுக்கும் தனிச் சடங்கும், வைகாசியில் குளிர்த்தியும் கண்டு வளர்ந்த நமக்கு அதில் குழப்பம் எதுவும் இல்லை. அதே அத்தியாயத்தில், அதிகாலையில் பூசகர் கருவறையின் முத்திரையை உடைத்துக் கதவைத் திறந்து, நிலத்தில் விழுந்து வணங்கி, தூபம் காட்டி, தெய்வத்தை நீராட்டி உடுத்தி உணவு படைக்கும் நாள் வழிபாட்டை அவர் விவரிக்கும் பகுதி மட்டும் மிகச் சிறப்பானது. தாம் விளங்கிக்கொள்ளாததையும் கண்டபடி எழுதி வைக்கும் நேர்மை அவரிடம் இருந்தது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். சூடு மிதிப்பும் துலாவும் யாழும் கோயில் வழிபாடும் ஒத்திருப்பதைக் கண்டு, எகிப்தியர் தமிழரே என்று முடிவுகட்டும் எழுத்துகள் இப்போது மலிந்துவிட்டன. ஆறும் சேறும் மாடும் தானியமும் உள்ள இடத்தில் மனிதக் கை ஒரே மாதிரியான கருவிகளைச் செய்துகொள்ளும். அதற்கு இரத்த உறவு வேண்டியதில்லை. உண்மையான தொடர்புக்குச் சான்று வேண்டுமென்றால் அது செங்கடல் துறைமுகங்களில் கிடைத்துள்ளது. குசெய்ர் அல் காதிமில் ‘பானை ஒறி’ என்று தமிழ் பிராமியில் எழுதிய மட்பாண்ட ஓடும், பெரெனிகேயில் ‘கொறபூமான்’ என்ற பெயர் பொறித்த ஓடும், அதே பெரெனிகேயில் கோயிலொன்றில் புதைந்திருந்த இந்தியச் சாடியொன்றில் 7.5 கிலோகிராம் மிளகும் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவை உரோமர் காலத்தை ஒட்டியவை. பிரமிட் கட்டிய காலத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பிற்காலம். ஏர்மன் இவற்றை அறிந்திருக்க வழியில்லை.

இனிப் பிரதியின் நிலை. கொழும்பிலுள்ள பழைய புத்தக வியாபாரி ஒருவரிடம் தொலைபேசியில் பேசி, பதினெட்டாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். மூல மேலட்டை இல்லை. யாரோ பிற்காலத்தில் கபில நிறத் துணியில் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். கட்டியவர் ஓரங்களை அதிகமாக வெட்டிவிட்டதால் சில படங்களின் விளிம்பு பக்கத்தின் எல்லையைத் தொடுகிறது. தாள் பழுத்து, மூலைகளை மடித்தால் ஒடியும் நிலையில் உள்ளது. துரு நிறப் புள்ளிகள் பல பக்கங்களில் உண்டு. முதல் இரண்டு அத்தியாயங்களில் இராமபாணப் பூச்சி அரித்த பாதை எழுத்துகளுக்கிடையே வளைந்து செல்கிறது. நானூறு கோட்டோவியங்களும் குறையின்றி உள்ளன, மையின் கருமையும் மங்கவில்லை. ஆனால் பன்னிரண்டு தகடுகளும் இருப்பதாக வியாபாரி உறுதி கூறியிருந்தும் பதினொன்றுதான் இருந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிரதியோடு பக்கம் பக்கமாக ஒப்பிட்டபோது, ஒரு தகடு சவர அலகால் அறுத்தெடுக்கப்பட்ட தடம் உட்புறத் தையலருகே தெரிந்தது. இத்தகைய தகடுகளைச் சட்டமிட்டு விற்பவர்கள் இருப்பதால் பழைய படநூல்களுக்கு இது அடிக்கடி நேரும் தீங்கு. வியாபாரியிடம் தெரிவித்தபோது மூவாயிரம் ரூபாயைத் திருப்பி அனுப்பினார். அதை ஏற்றுக்கொண்டேன், ஆனால் வாங்குபவர்கள் பணம் அனுப்புமுன் ஒவ்வொரு தகட்டையும் படமெடுத்து அனுப்புமாறு கேட்க வேண்டும்.

வாவிக் கரையில் இத்தகைய நூலை வைத்திருப்பது எளிதன்று. உப்புக் காற்றும், மார்கழி மழையில் சுவர் வரை ஏறும் ஈரமும் தாளுக்குப் பகை. இரும்பு அலுமாரி வியர்க்கும் என்பதால் மர அலுமாரியில், சுவரைத் தொடாமல், வசம்புத் துண்டுகளோடு வைத்திருக்கிறேன். ஏடுகளுக்கு நம் முன்னோர் செய்ததும் அதுவே. கிழிந்த இடத்தில் ஒட்டும் பிளாஸ்டிக் நாடாவைப் பயன்படுத்தக் கூடாது, அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளைத் தின்னும். மாரி காலத்தில் மாதம் ஒருமுறை வெயிலில்லாத நிழலில் பக்கங்களைப் பிரித்துக் காற்றாட விட வேண்டும்.

படிப்பது மட்டுமே நோக்கம் என்றால் 1971இல் டோவர் நிறுவனம் வெளியிட்ட மறுபதிப்பு போதும். விலையும் குறைவு, கையிலும் உறுதியாக நிற்கும். பாடசாலை நூலகங்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். பழைய அச்சின் கோட்டையும் அழுத்தத்தையும் விரல் நுனியில் உணர விரும்புபவர்களும், கலை பயில்பவர்களும் மட்டும் முதற்பதிப்பைத் தேடலாம். என் பிரதி குறையுள்ளது என்றாலும் அதை நான் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை.

வவுணதீவுப் பெரியவர் சென்ற கிழமை மீண்டும் வந்தார். கொம்பில் நுகம் கட்டிய மாட்டைத் தம் தம்பியாருக்குக் காட்ட வேண்டும் என்றும், தாம் சொன்னபோது அவர் நம்பவில்லை என்றும் கூறினார். புத்தகத்தைப் பிரதியெடுக்கும் இயந்திரத்தில் விரித்து அழுத்தினால் முதுகு உடையும் என்பதால், சன்னலோர வெளிச்சத்தில் வைத்துக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, பெரிய தாளில் அச்சிட்டுக் கொடுத்தேன். அதைச் சுருட்டி, மழைக்கு நனையாமல் உரப்பையொன்றில் சுற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வலையிறவுப் பாலம் வழியாகப் போனார்.